இலங்கைக்கு ஐ.நா.வில் பிடித்த ஏழரை

1948 மே 25 அன்று இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. கிடைத்தது 1955 டிசம்பர் 14. எண்ணிப் பார்த்தால் ஏழு வருடம், ஆறு மாதம், பத்தொன்பது நாள். ஏழரைச் சனி அச்சொட்டாகப் பிடித்து விட்டிருக்கிறது. அந்தச் சனி குந்தியிருந்த இடம் திருகோணமலைத் துறைமுகம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை. பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது, ஆகவே இலங்கை உண்மையில் சுதந்திர நாடில்லை என்று சோவியத் ஒன்றியம் வீட்டோ (தடுப்பு வாக்கு) போட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அந்த வரியில் பாதி சரி. மற்றப் பாதியைப் பார்க்க, புதிதாய்ப் பிறந்த ஒரு நாடு மற்ற நாடுகளின் அங்கீகாரத்தை எப்படித் தேடுகிறது, எந்தக் கடிதத்தில், எந்த வாக்கெடுப்பில் சறுக்குகிறது என்று கொஞ்சம் உள்ளே போகவேண்டும்.

முதலில் துறைமுகம். பிரித்தானியாவுக்கு இதன் பெறுமதி என்ன என்பதற்குச் சீனக்குடாவில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளே போதும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். கட்டியது 101, இன்று எஞ்சியிருப்பது 99. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு இந்து சமுத்திரத்தில் பெரிய கப்பல்கள் ஒதுங்க அவர்களுக்கிருந்த முக்கியமான இடங்களில் ஒன்று இது. அந்த ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே வந்து குண்டு போட்டதும் அதனால்தான். ஐந்து வருடம் கழித்து இலங்கைக்குச் சுதந்திரம் கொடுக்கிற பேச்சு வந்தபோது, இந்தத் துறைமுகத்தை எந்தக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்வது என்பதுதான் லண்டனின் கவலை.

1947 ஜூனில் பிரித்தானியா அறிவித்தது: பாதுகாப்பு, வெளிவிவகாரம் முதலியவை பற்றிய உடன்படிக்கைகள் முடிந்ததும் இலங்கைக்கு முழுப் பொறுப்பு வாய்ந்த அந்தஸ்து. அதாவது ஒப்பந்தம் முன்னே, சுதந்திரம் பின்னே. 1947 நவம்பர் 11 அன்று மூன்று உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. இலங்கைக்காக டி.எஸ். சேனநாயக்க, பிரித்தானியாவுக்காகத் தேசாதிபதி ஹென்றி மொங்க்-மேசன் மூர். ஒன்று பாதுகாப்பு, இன்னொன்று வெளிவிவகாரம், மூன்றாவது அரசாங்க உத்தியோகத்தர் பற்றியது. மூன்றாவது பென்ஷன் சமாச்சாரம், அதை விடுவோம்.

இங்கேயே முதல் சறுக்கல். கையெழுத்துப் போட்ட நாளில் இலங்கை இன்னும் குடியேற்ற நாடு. எதிர்ப்பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் அதே குடியேற்ற நாட்டின் தேசாதிபதி. அமுலுக்கு வந்ததென்னவோ 1948 பெப்ரவரி 4தான். ஆனால் சந்தேகப்பட நினைப்பவனுக்கு அந்த மூன்று மாத இடைவெளி போதும்: இது இரண்டு நாடுகள் சமமாய் இருந்து செய்த ஒப்பந்தமா, விடுதலைக்குக் கட்டிய விலையா? சுதந்திரத்துக்கு முன்னர் தளம், எண்ணெய், சுரங்கம் என்று எதையும் கைச்சாத்திடும் எந்தப் புதிய நாட்டுக்கும் இந்தக் கேள்வி வரும். வழமையான கைவைத்தியம், சுதந்திர நாளுக்குப் பிறகு புதிய பாராளுமன்றம் அதை ஒருமுறை தன் பேரில் உறுதிப்படுத்துவது. செலவில்லாத வேலை, செய்பவர்கள் குறைவு.

பாதுகாப்பு உடன்படிக்கை மிகச் சின்னது. அதன் முதற் பிரிவில் உயிர்நாடியான சொற்கள் இருக்கின்றன. பிரித்தானியா இலங்கையில் கடல், வான் படைகளை நிறுத்தலாம், தரைப்படையை வைத்திருக்கலாம். ஆனால் இரு தரப்பும் இணங்கிக்கொள்ளும் அளவுக்கு. இரண்டாம் பிரிவு அதற்கான வசதிகளைத் தருகிறது: தளங்கள், துறைமுகங்கள், தொலைத்தொடர்பு, தங்கள் படையினரைத் தாங்களே விசாரிக்கும் இராணுவ நீதிமன்றம். காலவரை எழுதப்படவில்லை.

‘இணங்கிக்கொள்ளும் அளவுக்கு’ என்ற இந்தச் சொற்கள் இரண்டு பக்கமும் கூர். கொழும்பு சொல்லலாம்: நாங்கள் இணங்காவிட்டால் அவர்கள் இருக்க முடியாது, ஆகவே இறைமை எங்களிடமே. மொஸ்கோ சொல்லலாம்: காலவரையே இல்லாமல் இராணுவத்தை வைத்திருக்கச் சம்மதித்தவன் என்ன சுதந்திரன்? இரண்டும் ஒரே வாக்கியத்திலிருந்து வருகிற வாசிப்புகள். டி.எஸ். சேனநாயக்கவை இதற்காகத் திட்டுகிறவர்கள், அயலில் இருந்த பெரிய நாட்டைப் பற்றி அவருக்கிருந்த பயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எழுத்து என்று பார்த்தால் இது மோசமான எழுத்தல்ல. பின்னர் தளங்களைத் திரும்பக் கேட்டபோது, ஒப்பந்தத்தை முறித்தான் என்ற பேர் வராமல் கடிதப் பரிமாற்றத்தாலேயே காரியத்தை முடிக்க வைத்தது இதே சொற்கள்தான்.

வெளிவிவகார உடன்படிக்கையில் மூன்று விடயங்களைக் கவனிக்கவேண்டும். பிரித்தானியா செய்த பழைய சர்வதேச உடன்படிக்கைகளில் இலங்கைக்குப் பொருந்துபவற்றின் கடமைகளும் உரிமைகளும் இனி இலங்கைக்கு. இது புதிய நாடொன்றுக்குப் பெரிய வாய்ப்பு. தபால், தந்தி, கப்பல், கடன் எல்லாவற்றையும் பூச்சியத்திலிருந்து பேசவேண்டியதில்லை. இரண்டாவது, இலங்கைக்குத் தூதரகம் இல்லாத இடங்களில் இலங்கை கேட்டால் பிரித்தானியத் தூதரகம் பார்த்துக்கொள்ளும். காசு மிச்சம்தான், ஆனால் வெளியே இருந்து பார்ப்பவனுக்கு வேறு மாதிரித் தெரியும். மூன்றாவது, ஐ.நா. உறுப்புரிமை கேட்டால் பிரித்தானியா முழு ஆதரவு தரும். மொஸ்கோவின் கண்ணில் இதுவும் சிபாரிசுக் கடிதமாகத் தெரியவில்லை.

இன்னுமொரு நுணுக்கம். பொதுநலவாய நாடுகள் தங்களுக்குள் தூதுவரை அனுப்புவதில்லை, உயர்ஸ்தானிகரைத்தான் அனுப்பும். தூதுவர் என்றால் ஒரு நாட்டின் தலைவர் மற்ற நாட்டின் தலைவருக்கு எழுதிய நற்சான்றுப் பத்திரம் கொண்டுபோகவேண்டும். அன்று லண்டனுக்கும் கொழும்புக்கும் தலைவர் ஒருவரே, ஆறாம் ஜோர்ஜ் மன்னர். மன்னர் தனக்குத் தானே கடிதம் எழுத முடியாதே. அதனால் பிரதமருக்குப் பிரதமர் அறிமுகக் கடிதம். இதெல்லாம் பொதுநலவாயத்துக்குள் சர்வசாதாரணம். அந்த வீட்டுப் பழக்கம் தெரியாதவர்களுக்கு, அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க விரும்புகிறவர்களுக்கு, அடிமைத்தனத்தின் சாட்சி.

இனி விண்ணப்பம். நடைமுறை இன்றும் கிட்டத்தட்ட அதேதான். ஐ.நா. செயலாளர் நாயகத்துக்கு ஒரு கடிதம். அதோடு சாசனத்தின் கடமைகளை ஏற்கிறோம் என்ற பிரகடனம், முறைப்படியான பத்திரமாக. கையெழுத்து நாட்டுத் தலைவர், அரசாங்கத் தலைவர், வெளிவிவகார அமைச்சர் இவர்களில் ஒருவருடையதாக இருந்தால் பிரச்சினை இல்லை. அதற்குக் கீழே போனால் அதிகாரப் பத்திரம் எங்கே என்ற கேள்வி வரும். பிரகடனத்தில் ‘ஆனால்’, ‘இருப்பினும்’ என்று எந்த ஒட்டுச் சொல்லும் வரக்கூடாது. அது பாதுகாப்புச் சபைக்குப் போய், அங்கிருந்து புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கான குழுவுக்குப் போகும். பொதுச் சபையின் வழமையான கூட்டத்தொடர் தொடங்க 35 நாட்களுக்கு முன்னரே குழு அறிக்கை கொடுக்கவேண்டும் என்பது விதி. செப்டெம்பரில் சபை கூடும் என்றால் ஓகஸ்ட் தொடக்கத்துக்குள் எல்லாம் ஒழுங்காயிருக்க வேண்டும். பிறகு பாதுகாப்புச் சபை வாக்கெடுப்பு: அன்று 11 பேரில் 7, இன்று 15 பேரில் 9, நிரந்தர உறுப்பினர் எவரும் எதிர்க்காமல். அதன்மேல் பொதுச் சபையில் மூன்றில் இரண்டு. பொதுச் சபை கை உயர்த்திய அன்றே உறுப்புரிமை நடைமுறைக்கு வந்துவிடும்.

இலங்கையின் முறை 1948 ஓகஸ்ட் 18 அன்று வந்தது. 9 பேர் ஆதரவு. எதிர்ப்பு இரண்டு: சோவியத் ஒன்றியம், உக்ரெய்ன். ஏழு போதும் என்ற இடத்தில் ஒன்பது கிடைத்தும் தோல்வி. அந்த மாதம் சபைக்குத் தலைமை வகித்ததே சோவியத் பிரதிநிதி. அவர்கள் அன்று நேராக ‘திருகோணமலை’ என்று அடித்துச் சொல்லவில்லை. நாட்டின் அந்தஸ்து, அரசியலமைப்பு, பிரித்தானியாவுடனான உடன்படிக்கைகள் பற்றிய தகவல் போதாது என்றார்கள். தகவல் போதாது என்பது இராஜதந்திரத்தில் மிகப் பயனுள்ள சாட்டு. எதை எதிர்க்கிறோம் என்று சொல்லாமலே எதிர்க்கலாம், பிறகு மனம் மாறினால் தகவல் கிடைத்துவிட்டது என்று இறங்கியும் வரலாம். அதை முறியடிக்க ஒரே வழி, விண்ணப்பத்தோடேயே அரசியலமைப்பு, பாதுகாப்பு ஒப்பந்தம், படை பற்றிய ஒப்பந்தம் எல்லாவற்றின் முழு வாசகத்தையும் முந்திக்கொண்டு இணைப்பது. வீட்டோவை அது தடுக்காது. ஆனால் சாட்டு இல்லாமல் போடவேண்டிய நிலைக்குத் தள்ளும்.

அந்த டிசம்பரில் பொதுச் சபை இலங்கை விடயத்தை மீண்டும் பாருங்கள் என்று பாதுகாப்புச் சபையைக் கேட்டது. டிசம்பர் 15, மீண்டும் வீட்டோ. 1949 செப்டெம்பர் 13, மூன்றாவது.

பர்மாவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இலங்கைக்குச் சரியாக ஒரு மாதம் முன்னர், 1948 ஜனவரி 4இல் சுதந்திரம். அவர்களும் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தவர்களே, பிரித்தானிய இராணுவக் குழு பயிற்சிக்கு வந்தது. ஆனால் பர்மா குடியரசாகி, பொதுநலவாயத்தை விட்டு வெளியேறியது. 1948 ஏப்ரல் 19இலேயே ஐ.நா. உறுப்பினர். ஒப்பந்தம் இருந்ததா என்பதல்ல, கிரீடமும் தளமும் இருந்ததா என்பதே பார்வைக்கு எட்டிய வித்தியாசம். இதுவரை பார்த்தால் ‘துறைமுகம்தான் சனி’ என்ற கதை பலமாகவே நிற்கிறது.

கதை ஆட்டம் காண்பது 1949இல். அந்த ஜூனில் சோவியத் ஒன்றியம் தானே ஒரு பிரேரணை கொண்டுவந்தது. காத்திருக்கும் நாடுகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிச் சேர்ப்போம் என்று. அல்பேனியா, மொங்கோலியா, பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி என்ற தன் ஆட்களோடு இத்தாலி, அயர்லாந்து, போர்த்துக்கல், யோர்தான், இலங்கை. பத்து மாதத்துக்கு முன்னர் சுதந்திரம் பற்றிய தகவல் போதாத நாடு இப்போது மூட்டைக்குள் வரலாமாம். இடையில் திருகோணமலையிலிருந்து ஒரு படகுகூட வெளியேறவில்லை. மேற்கு நாடுகள் மூட்டையை ஏற்கவில்லை, தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும் என்றன. அதன் பதில்தான் செப்டெம்பர் 13இன் வீட்டோ வரிசை. அன்று இலங்கையோடு சேர்ந்து விழுந்தவை பல.

சட்டம் மேற்கின் பக்கம்தான் இருந்தது. 1948 மே 28 அன்று சர்வதேச நீதிமன்றம் 9க்கு 6 என்று ஒரு ஆலோசனைக் கருத்துத் தந்திருந்தது. சாசனத்தின் நாலாம் உறுப்புரை சொல்லும் நிபந்தனைகள் ஐந்து: நாடாக இருக்கவேண்டும், சமாதானம் விரும்புவதாக இருக்கவேண்டும், கடமைகளை ஏற்கவேண்டும், நிறைவேற்றும் திறன் வேண்டும், மனமும் வேண்டும். இவற்றுக்கு மேலே ‘என் ஆளையும் சேர்த்தால்தான் உன் ஆளுக்கு வாக்களிப்பேன்’ என்று ஆறாவதைப் போட முடியாது. இலங்கை விண்ணப்பித்து மூன்றே நாளில் வந்த கருத்து இது; கொழும்புக்கு நல்ல சகுனமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டிப்போடாது. ஒருவன் மனதில் என்ன நிபந்தனை வைத்துக் கையை உயர்த்துகிறான் என்பதை எந்த நீதிமன்றமும் பார்க்க முடியாது. சரி, பாதுகாப்புச் சபையைத் தாண்டிப் பொதுச் சபையே நேரடியாகச் சேர்க்கலாமா என்று இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார்கள். 1950 மார்ச் 3இல் நீதிமன்றம் முடியாது என்றது. அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

முன்வாசல் பூட்டியிருந்தால் கோடிப்புறத்தால் போகவேண்டியதுதான். கொழும்பு இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்தது. ஐ.நா.வின் விசேட முகவரகங்களில் வீட்டோ இல்லை. உலக சுகாதார நிறுவனத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 1948 ஜூலையிலேயே உள்ளே. உணவு விவசாய அமைப்பு, சர்வதேசத் தொழில் அமைப்பு இரண்டும் அதே வருடம். யுனெஸ்கோ 1949. சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் 1950 ஓகஸ்ட் 29. காட் வர்த்தக உடன்பாட்டில் இன்னும் சுவாரசியம்: 1947இல் ஜெனீவாவில் பேரம் பேசிய ஆரம்ப 23 தரப்புகளில் இலங்கையும் ஒன்று. தனிச் சுங்க எல்லை இருந்தால் போதும் என்பதால், சுதந்திரத்துக்கு முன்னரே அங்கே கதிரை கிடைத்திருந்தது.

ஐ.நா.வுக்கு வெளியே இன்னொரு மேடை 1951 செப்டெம்பரில் கிடைத்தது. ஜப்பானுடனான சமாதான மாநாடு சான் பிரான்சிஸ்கோவில். நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன தம்மபதத்தை மேற்கோள் காட்டி நட்டஈடு வேண்டாம் என்று பேசினார். அதே மண்டபத்தில் சோவியத் தரப்பில் குரோமிக்கோ. இலங்கையை ஐ.நா.வுக்குள் விடாத நாடும் இலங்கையும் ஒரே மாநாட்டில். இதனால் மொஸ்கோ இலங்கையை ஏற்றுக்கொண்டது என்று ஆகாது. பலதரப்பு மாநாட்டில் கூட இருப்பது அங்கீகாரம் ஆகாது என்பது பழைய விதி.

இந்த விதியைப் புதிய நாடுகளின் வெளிவிவகாரக் கந்தோர்கள் அடிக்கடி மறக்கின்றன. வந்து குவியும் தந்திகளை எல்லாம் அங்கீகாரம் என்று பதிந்து எண்ணிக்கையைக் கூட்டிப் பத்திரிகைக்குக் கொடுப்பார்கள். நாலு நிரல் போட்டுத்தான் பதியவேண்டும். வாழ்த்து ஒன்று, அங்கீகாரம் ஒன்று, இராஜதந்திர உறவு ஒன்று, தூதரகம் ஒன்று. ‘உங்கள் மக்களுக்கு வாழ்த்துகள்’ என்று வந்தால் முதல் நிரல். ‘சுதந்திரமும் இறைமையும் கொண்ட நாடாக அங்கீகரிக்கிறோம்’ என்று வந்தால் இரண்டாவது. ‘பிரகடனத்தைக் கவனத்தில் எடுக்கிறோம்’ என்று வந்தால் எந்த நிரலிலும் இல்லை, அது கதவைச் சாத்தாமல் சாத்துவது. கடவுச்சீட்டை ஏற்று விசாவை வேறு கடதாசியில் குத்திக் கொடுப்பதும், ஏற்கனவே இருந்த துணைத் தூதரகத்தைத் தொடர்ந்து நடத்துவதும் அங்கீகாரம் இல்லை. இருதரப்பு ஒப்பந்தமும் தூதுவர் பரிமாற்றமும் பெரும்பாலும் அங்கீகாரம்தான், தனியாக அறிவிக்காவிட்டாலும்.

கோடிப்புற வழிக்கும் கணக்கு உண்டு. கொசோவோ 2008இல் சுதந்திரப் பிரகடனம் செய்து 2009இல் நாணய நிதியத்துக்குள் போனது. 2015இல் யுனெஸ்கோவில் கேட்டபோது ஆதரவு 92, எதிர்ப்பு 50, விலகி நின்றவர் 29. கூடத் தெரிகிறதே என்றால், அங்கே வேண்டியது மூன்றில் இரண்டு, விலகியவர்களைக் கழித்து 95. மூன்று வாக்கால் போயிற்று. வாக்கெடுப்புக்கு முதல் நாள் ஆதரவாளர்களை எண்ணுவதோடு நிற்காமல், எதிர்க்கப் போகிறவர்களில் எத்தனை பேரை அந்த நேரம் மண்டபத்துக்கு வெளியே தேத்தண்ணி குடிக்க வைக்கலாம் என்று பார்ப்பதும் தூதுவரின் வேலைதான்.

இன்னொரு பாடம், பிரிந்து வந்த நாட்டின் சம்மதம். தென் சூடான் 2011 ஜூலை 9 பிறந்தது, 14ஆம் திகதி 193ஆவது உறுப்பினர். சூடான் அரசாங்கம் சுதந்திரத்துக்கு முந்திய நாளே அங்கீகரித்துவிட்டது. பங்களாதேஷுக்கு 1972 ஓகஸ்ட் 25இல் சீனா வீட்டோ போட்டது. 1974 பெப்ரவரியில் பாகிஸ்தான் அங்கீகரித்தது, செப்டெம்பரில் வாசல் திறந்தது. இலங்கைக்கோ நேரெதிர் சிக்கல்: ஆண்ட நாடு விட்டபின்னும் தோளில் கை போட்டுக்கொண்டே நின்றது.

1955க்கு வருவோம். பொதுச் சபை 18 நாடுகளை ஒன்றாகப் பரிசீலிக்கச் சொன்னது. மூட்டைக்கு மேற்கும் இறங்கி வந்துவிட்டது. டிசம்பர் 13 அன்று, அப்போது தைவானில் இருந்த சீன அரசாங்கத்தின் பிரதிநிதி மொங்கோலியாவை வீட்டோ செய்தார். பதிலுக்குச் சோவியத் மற்றவர்களை வரிசையாகத் தட்டியது. இலங்கைக்கு நாலாவது வீட்டோ, தன் குற்றம் எதுவும் இல்லாமல். மறுநாளே சோவியத், மொங்கோலியாவையும் ஜப்பானையும் கழித்து 16ஐ முன்வைத்தது. பாதுகாப்புச் சபையில் 8 ஆதரவு, எதிர்ப்பு இல்லை, மூவர் விலகினர். விலகிய மூவரில் அமெரிக்காவும் ஒன்று. அன்றே பொதுச் சபையிலும் நிறைவேறியது. ஜப்பானுக்காக உருகிப் பேசிய இலங்கை உள்ளே, ஜப்பான் இன்னொரு வருடம் வெளியே.

அந்த 16 பேரைத் திரும்பப் பாருங்கள். யோர்தானில் பிரித்தானியத் தளம். லிபியாவில் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தளங்கள். ஸ்பெயின் 1953இல்தான் அமெரிக்காவுக்குத் தளங்கள் கொடுத்திருந்தது. இலங்கையில் திருகோணமலையும் கட்டுநாயக்கா விமானத் தளமும் அப்படியே. 1948இல் இறைமைக்குக் களங்கமாய் இருந்த அதே உட்துறைமுகம், அதே தாங்கிகள், அதே ஒப்பந்தம். அதில் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது மூட்டையின் கணக்கு. துறைமுகம் காரணமாக இருந்திருந்தால் 1955 டிசம்பரில் வாசல் திறந்திருக்காது. அது சாட்டு. நல்ல, வாகான, நாமே எழுதிக் கொடுத்த சாட்டு.

1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க வந்து தளங்களைத் திரும்பக் கேட்டார். 1957 பெப்ரவரியில் பீக்கிங்குடனும் மொஸ்கோவுடனும் இராஜதந்திர உறவு ஏற்பட்டது. திருகோணமலை டொக்யாட்டில் பிரித்தானியக் கடற்படைக் கொடி இறங்கியது அதற்கும் எட்டு மாதம் கழித்து, ஒக்டோபர் 15ஆம் திகதி.